இனிஷியலும் இமெயிலும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். பின்பக்கம் இலை போடுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. எனவே சுருக்கமாகப் பேசவே ஆசை. ஆனால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தத் தலைப்பை அவர் எனக்குக் கொடுக்கவில்லை, நானாகக் கேட்டு வாங்கினேன். காரணம் கொஞ்ச நேரத்தில் தெரியும்.

இமெயில் முகவரியில் சொந்தப் பெயரைப் போடலாமா, கூடாதா? இதுதான் விஷயம். "இதெல்லாம் ஒரு விஷயமா சார்?" என்று நேற்று ஒரு மாணவர் கேட்டார். எனக்கும் வெகுகாலம் அப்படித்தான் தோன்றியது.

1999-இல் நான் முதன்முதலாக இமெயில் முகவரி வாங்கினேன். பாபநாசத்தில் அப்போது அந்த வசதி எனக்குத் தெரிந்து இல்லை. பஸ் ஏறிக் கும்பகோணம் போய், ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதிதான், வி.எஸ்.என்.எல். மூலமாக. அடுத்த வருஷம், 1996 ஜூலை 4-ஆம் தேதி, சபீர் பாட்டியா என்ற நம் நாட்டுக்காரரும் ஜாக் ஸ்மித் என்பவரும் சேர்ந்து அமெரிக்காவில் ஹாட்மெயில் ஆரம்பித்தார்கள். காசு வேண்டாம், எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தும் பார்க்கலாம். நான் போய்ச் சேர்ந்ததும் அதில்தான்.

திரையில் ஒரு படிவம் வந்தது. முதல் பெயர், கடைசிப் பெயர். எனக்கு இருப்பது ஒரே ஒரு பெயர். அதற்கு முன்னால் ஓர் இனிஷியல். கடைக்காரத் தம்பியைக் கேட்டேன். "அப்பா பேரைப் போடுங்க சார், எல்லாரும் அதான் போடறாங்க" என்றார். போட்டேன். என் அப்பா பெயர் தங்கவேல். அன்றிலிருந்து வெளிநாட்டுக் கம்பெனிகள் எனக்கு எழுதும்போதெல்லாம் "அன்புள்ள திரு. தங்கவேல்" என்றே எழுதின. அப்பாவிடம் சொன்னபோது, "எனக்கு ஏதுடா அமெரிக்காவுல வேலை?" என்று கேட்டார்.

அதோடு போகவில்லை. நான் கேட்ட பெயரை ஏற்கெனவே வேறொருவர் எடுத்துவிட்டாராம். பின்னால் ஏதாவது எண் சேர்த்துக்கொள் என்றது திரை. வாயில் வந்தது பிறந்த வருஷம். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேரின் முகவரியில் பிறந்த வருஷம் இருக்கிறது, இல்லையா? கையைத் தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் பிறகு வரப்போகிற கதை.

பாஸ்வேர்டு மறந்துபோனால் கேட்பதற்கு என்று ஒரு ரகசியக் கேள்வியும் இருந்தது: "உங்கள் தாயாரின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர் என்ன?" வெள்ளைக்காரர் வீட்டில் கல்யாணமானால் குடும்பப் பெயர் மாறும், அது வெளியாருக்குத் தெரியாது. நம் அம்மாவுக்கு மாறியது இனிஷியல் ஒன்றுதான். பெயர் அதேதான், தெருவுக்கே தெரியும். ரேஷன் கார்டில்கூட இருக்கிறது. "முதலில் படித்த பள்ளி எது?" என்று இன்னொரு கேள்வி. ஊரில் இருப்பதே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. இதில் என்ன ரகசியம்? யாருடைய வழக்கத்தையோ வைத்துச் செய்த பூட்டை நம் வீட்டுக் கதவில் மாட்டிக்கொண்டோம். பூட்டு தொங்கியது. பூட்டவில்லை.

இந்த இடத்தில் இனிஷியலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. பக்கத்திலே உத்தமதானபுரம். உ.வே.சா. என்கிறோமே, அந்த 'உ' ஊர், 'வே' தகப்பனார் வேங்கடசுப்பையர். தெரிந்தவருக்கு ஊரும் குலமும் விளங்கும். தெரியாதவருக்கு இரண்டு எழுத்துதான். அந்த மகானுக்குப் பெற்றோர் வைத்த பெயரோ வேங்கடராமன். வீட்டில் கூப்பிட்ட பெயரைக் கேட்டு, சாமிநாதன் என்றே இருக்கட்டும் என்றவர் அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பாபநாசம் சிவனும் அப்படியே. அவருடைய பெயர் ராமையா. விபூதி பூசிய கோலத்தைப் பார்த்து ஜனங்கள் சிவன் என்றார்கள், அதுவே நிலைத்தது. ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் கதை எழுத வந்தபோது குமுதத்தில் ஏற்கெனவே ஒரு ரா.கி. ரங்கராஜன் இருந்தார். எனவே மனைவியின் பெயரைப் போட்டுக்கொண்டு சுஜாதா ஆனார். எனக்கு ஹாட்மெயில் சொன்னதும் இதேதான்: இந்தப் பெயர் எடுக்கப்பட்டுவிட்டது! அவருக்கு சுஜாதா கிடைத்தது, எனக்கு நாலு இலக்கம் கிடைத்தது.

ஆக, 'உண்மைப் பெயர்' என்றால் எது என்பதே நம் ஊரில் சிக்கலான கேள்வி. சாதிப் பட்டத்தைப் பெயரோடு சேர்க்க வேண்டாம் என்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். பெயரின் வாலிலிருந்து சாதியை வெட்டி, ஒருவன் என்ன ஆள் என்று கேட்கிறவனுக்குப் பதில் கிடைக்காமல் செய்தார்கள். பிரைவசி என்கிற வார்த்தை அப்போது நம் வாயில் இல்லை. ஆனால் அதுவும் ஒரு வகையில் இதுதான் என்பது என் அபிப்பிராயம். இன்று ஒரு படிவம் கடைசிப் பெயரைக் கேட்கிறது, சிலர் வெட்டிய வாலைத் தேடி எடுத்து ஒட்டுகிறார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன்.

2022-இல் நம் சங்க மலர் வந்தது. அதன் கடைசியில் இருபத்திரண்டு பக்கத்துக்கு முகவரித் தொகுப்பு. பெயர், படித்த ஆண்டு, பிறந்த தேதி, வீட்டு விலாசம், போன் நம்பர், இமெயில். அதைச் சேகரித்து, தட்டச்சு செய்து, பிழை திருத்தியவன் நான். ரொம்பப் பெருமையாக இருந்தது. முப்பது வருஷம் தொடர்பு விட்டுப்போனவர்கள் அதைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். ஒரு கல்யாணமே நிச்சயமானது. அச்சுப் பிரதி கிடைக்காதவர்களுக்காக அதை அப்படியே ஃபைலாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பியவனும் நானேதான். அங்கிருந்து அது எங்கெங்கே போனது என்று யாருக்குத் தெரியும்?

நமக்கு நாலு வருஷம் சீனியர் ஓர் அக்கா. பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்கள், தனியாக இருப்பவர்கள். அவர்கள் அனுமதி கொடுத்துத்தான் இதைச் சொல்கிறேன். "பேரைச் சொல்லாதே, நடந்ததைச் சொல்லு" என்றார்கள். 2023 தை மாதம், பொங்கல் முடிந்த வாரம், அவர்களுக்கு ஓர் இமெயில் வந்தது. அனுப்பியவர் பெயர், மஸ்கட்டில் இருக்கும் அவர்களுடைய வகுப்புத் தோழருடையது. "ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். தொண்டையில் ஆபரேஷன், பேச முடியாது. இந்தியாவில் ஓர் இடத்துக்கு அவசரமாகப் பணம் கட்ட வேண்டும். ஊருக்கு வந்ததும் தருகிறேன்." இவ்வளவுதான் விஷயம். கடிதம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆனால் அக்காவை விளித்தது ஹாஸ்டலில் கூப்பிட்ட பட்டப்பெயரால். அந்தப் பட்டப்பெயர் எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? அதே மலரில் ஒரு நினைவுக் கட்டுரையில் இருந்தது.

அக்கா நாற்பதாயிரம் ரூபாய் அனுப்பினார்கள். நாலு நாள் கழித்து இன்னும் அறுபதாயிரம் கேட்டு வந்தபோதுதான் தோழரின் மனைவிக்குப் போன் செய்தார்கள். தோழர் மஸ்கட்டில் சௌக்கியமாக ஆபீஸ் போய்க்கொண்டிருந்தார். 1930 என்ற எண்ணுக்குப் பேசி, போலீசிலும் எழுதிக் கொடுத்தோம். இதில் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். பணம் கணக்கிலிருந்து கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த வேண்டும். நாலு நாளில் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. திரும்ப வரவில்லை.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார்கள். "நீ என்ன தம்பி பண்ணுவே, நல்லதுக்குத்தானே போட்டே" என்றார்கள். திட்டியிருந்தால் தேவலை. பணத்தைவிட அவர்களுக்கு வருத்தம் வேறு. "படிச்சவ, இத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவ, ஏமாந்துட்டேன்னு வெளியில சொல்ல வெட்கமா இருக்குடா."

ஏமாந்தது எப்படி என்று உட்கார்ந்து பார்த்தோம். அதைத்தான் மாணவர்கள் கவனித்துக் கேட்க வேண்டும்.

இமெயிலில் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று முகவரி. மற்றது அனுப்புகிறவர் தன் பெயர் என்று எழுதிக்கொள்வது. தபால் உறையில் அனுப்புநர் என்ற இடத்தில் நான் கலெக்டர் என்று எழுதினால் தபால்காரர் தடுப்பாரா? அதே மாதிரிதான். செல்போனில் பெரும்பாலும் அந்தப் பெயர் மட்டும் தெரியும். முகவரியைப் பார்க்க அதன்மேல் விரல் வைக்க வேண்டும். அக்கா விரல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முகவரியும் தோழருடையது போலவே இருந்தது. பெயர், அப்பா பெயர், பிறந்த வருஷம். ஒரே ஒரு ஹெச் கூடுதல்.

இங்கேதான் தமிழனுக்கென்றே ஒரு கஷ்டம். நம் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது. சண்முகம் என்பதை எத்தனை விதமாக எழுதுகிறோம்! லட்சுமி பத்திரத்தில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி. 'த' வந்தால் டி மட்டும் போடுவோர் ஒரு கட்சி, பக்கத்தில் ஹெச் போடுவோர் எதிர்க்கட்சி. கொள்முதல் நிலையத்தில் நெல் போடுகிறவர்களைக் கேளுங்கள். ஆதாரில் ஓர் எழுத்து, பாஸ் புத்தகத்தில் ஓர் எழுத்து என்று எவ்வளவு அலைகிறார்கள்! அதே எழுத்து வித்தியாசம், நிஜமான ஆளுக்குப் பணம் கிடைக்காமல் செய்கிறது, போலி ஆளுக்குக் கிடைக்கச் செய்கிறது. ஒரு ஹெச் கூடினால் நாம் யாரும் சந்தேகப்படுவதில்லை. நாமே தினம் கூட்டிக் குறைத்து எழுதுகிறவர்கள்தானே. இதில் ஒரு நுணுக்கம், ஜிமெயிலில் பெயருக்கு நடுவே புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே முகவரிதான். எழுத்து மாறினால் வேறு ஆள்.

"அப்படின்னா பெயரே போடாம, ஏதாவது பூப்பேரு, சினிமா நடிகர் பேரு போட்டுக்கலாமா சார்?" என்று கேட்பீர்கள். அதுவும் சரியல்ல. வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் நான் சில காலம் இருந்தேன். 'கெத்து', 'ரவுடி' என்றெல்லாம் தொடங்கும் முகவரியிலிருந்து பயோடேட்டா வரும். பையன் மார்க் நன்றாக வாங்கியிருப்பான். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சிரித்துவிட்டு அடுத்ததை எடுப்பார். இருந்தாலும் என்ன செய்வது, மனித சுபாவம். விண்ணப்பம் போட, பேராசிரியருக்கு எழுத, சொந்தப் பெயர்தான் மரியாதை. ஆனால் பெயரோடு நிறுத்துங்கள். பிறந்த வருஷம் வேண்டாம், ஊர் வேண்டாம், போன் நம்பர் வேண்டவே வேண்டாம். எண் போட்டே தீரவேண்டுமென்றால், உங்கள் பிறப்போடும் வண்டி நம்பரோடும் சம்பந்தமில்லாத எண்ணாக இருக்கட்டும்.

பெண் பிள்ளைகள் நிலைமை இன்னும் கஷ்டம். இங்கே படிக்கும் ஒரு மாணவி சொன்னார்: "முழுப் பேரு அட்ரஸ்ல இருக்கு சார். ஜெராக்ஸ் கடையில பிரின்ட் எடுக்க ஒரு தடவை அனுப்பினேன். அதுக்கப்புறம் அந்தப் பேரை வச்சுத் தேடி, தெரியாத ஆளுங்க எங்கெங்கேயோ வந்து பேசறாங்க." கடைக்காரர்மேல் மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆதார், மார்க் ஷீட், போட்டோ எல்லாவற்றையும் நாமே அனுப்புகிறோம். பிரின்ட் எடுத்ததும் வந்துவிடுகிறோம். அந்த ஃபைல் அந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது. "அண்ணே, அழிச்சிடுங்க" என்று கூட நின்று ஒரு வார்த்தை சொல்லலாம். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நம் சங்கக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னபோது ஒரு நண்பர் எழுந்தார். "ஒளிச்சு வைக்க நாம என்ன திருடனா? நேர்மையான ஆளுக்கு எதுக்குய்யா மறைவு?" என்றார். கேட்க நன்றாக இருந்தது, கைதட்டலும் கிடைத்தது. நான் அவரைக் கேட்டேன்: உங்கள் தாத்தா கட்டிய வீட்டில் திண்ணை இருந்ததா? இருந்தது. வழிப்போக்கன் படுத்துக்கொள்வான், யாரும் கேட்கமாட்டார்கள். அடுத்து ரேழி, அப்புறம் கூடம். அதையும் தாண்டி நெற்குதிர் இருந்த உள். குதிர் வரைக்கும் வழிப்போக்கன் வருவானா? தாத்தா திருடரில்லையே!

இமெயிலிலும் ஒரு திண்ணை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். கடை, பரிசுச் சீட்டு, ரயில்வே ஸ்டேஷனில் நம்பர் கேட்கிறவன் எல்லாருக்கும் ஒரு முகவரி. பெயர் எதுவாக இருந்தாலும் பாதகமில்லை. விண்ணப்பத்துக்கும் நண்பர்களுக்கும் பெயரோடு ஒரு முகவரி, அது கூடம். வங்கிக்கு மட்டும் மூன்றாவது. அதை யாரிடமும் சொல்லாதீர்கள், அட்டையில் அச்சடிக்காதீர்கள். ஏனென்றால் இன்று முகவரி என்பது வெறும் விலாசம் அல்ல, பல இடங்களில் அதுதான் கதவின் கைப்பிடி. பாஸ்வேர்டு மறந்தால் மாற்றும் வழி அந்த முகவரிக்குத்தான் வருகிறது. மூன்றுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டுவிடுங்கள். தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைக் கேளுங்கள், பெருமையோடு செய்து கொடுப்பார்கள்.

எல்லாரும் உண்மைப் பெயரோடுதான் வரவேண்டும் என்று ஒரு தேசமே சட்டம் போட்டுப் பார்த்தது. தென் கொரியா. 2007-இல் பெரிய இணையதளங்களில் எழுதுகிறவர்கள் தங்கள் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும் என்றார்கள். ஜனங்கள் கொடுத்தார்கள். 2011 ஜூலையில் அங்குள்ள ஒரு பெரிய கம்பெனியின் கிடங்கைத் திருடர்கள் உடைத்து, சுமார் மூன்றரைக் கோடி பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்றது. நம் பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் நிற்கிறதே, மூவாயிரம் கலம் பிடிக்கும் என்பார்கள். அவ்வளவையும் ஒரே இடத்தில் கொட்டுகிறவன் சுவரை எவ்வளவு கனமாகக் கட்டினான் என்று போய்ப் பாருங்கள். இருபத்திரண்டு பக்கத்தில் எல்லாரையும் கொட்டிய நான் அட்டைக்கு லேமினேஷன் மட்டும் போட்டேன்.

நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி. வழக்குப் போட்டவர் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. பார்த்தீர்களா, அவருக்கும் இனிஷியல்! 2023-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புக்குத் தனிச் சட்டமும் வந்தது. சட்டம் பற்றி வக்கீல் நண்பர்கள் மத்தியானத்துக்கு மேல் பேசுவார்கள். அதன் சாரம் எனக்குப் புரிந்தவரை ஒன்றுதான்: எதற்காக என்று சொல்லிக் கேள், சம்மதம் வாங்கு, தேவைக்கு மேல் வாங்காதே. 2022-இல் நான் உங்களிடம் பிறந்த தேதி வாங்கினேன். எதற்கு? பிறந்த நாளுக்கு வாழ்த்து அனுப்பலாம் என்று ஓர் எண்ணம். ஒருவருக்காவது அனுப்பினேனா? இல்லை.

தீபாவளிக்கு மட்டும் அனுப்பினேன். அதிலும் ஒரு தப்பு. நூற்றெண்பது முகவரியையும் பெறுநர் கட்டத்திலேயே போட்டு அனுப்பிவிட்டேன். ஒவ்வொருவருக்கும் மற்ற நூற்றெழுபத்தொன்பது பேரின் முகவரியும் இலவசம். அதற்கென்றே பிசிசி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் போட்டால் யாருக்கும் யாரும் தெரியாது. செயலாளர் இதைக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இனி நம் முகவரித் தொகுப்பு. அதை நிறுத்திவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. இந்த மண்டபத்தில் இன்று இத்தனை பேர் கூடியதே அதனால்தான். செயற்குழுவில் நான் வைத்த யோசனை, ஒரு மணி நேரச் சண்டைக்குப் பிறகு ஏற்றுக்கொள்ளப்பட்டது. மலரில் பெயர், படித்த ஆண்டு, இப்போதுள்ள ஊர், இவ்வளவுதான் அச்சாகும். போனும் இமெயிலும் செயலாளரிடம் ஒரு நோட்டில் இருக்கும். உங்களைத் தேடி யாராவது வந்தால், அவர் உங்களுக்குப் போன் செய்து, "இன்னார் கேட்கிறார், கொடுக்கலாமா?" என்று கேட்டபிறகே கொடுப்பார். அவருக்கு வேலை அதிகம், அதை நான் பகிர்ந்துகொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஃபைலாக யாருக்கும் அனுப்புவதில்லை. பழைய ஃபைல் செல்போனில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே அழித்துவிடுங்கள். இதை நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசல் பக்கத்து மேஜையில் புதுப் படிவம் இருக்கிறது. பிறந்த தேதிக் கட்டம் எடுக்கப்பட்டுவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'அச்சிடலாம்', 'அச்சிட வேண்டாம்' என்று இரண்டு கட்டம். சாப்பிடப் போகுமுன் நிரப்பிக் கொடுத்தால் எனக்குச் சௌகரியம்.

காலையில் மண்டபம் திறந்ததும் முதல் படிவம் வந்துவிட்டது. அக்காவினுடையது. போன், இமெயில் இரண்டுக்கும் நேராக 'வேண்டாம்'. பெயரை மட்டும் தமிழில், பட்டப்பெயர் இல்லாமல், இரண்டு இனிஷியலோடும் எழுதியிருக்கிறார்கள். கீழே சின்ன எழுத்தில், "ஆங்கிலத்தில் போடுவதானால் என்னைக் கேட்டுவிட்டுப் போடு" என்று ஒரு குறிப்பு.